உதையைக் குறைக்கவில்லை, பரப்பிவிட்டார்கள்: சிங்கப்பூரின் அல்டிமேக்ஸ் 100 பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

துப்பாக்கியின் எடை குறைந்தால் உதை கூடும். நியூட்டனின் மூன்றாம் விதி படித்த எவருக்கும் இதில் சந்தேகம் வராது. அதனால்தான் தொடர்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கிகளைக் கனமாகவே செய்துவந்தார்கள். இரண்டு கால் வைத்துத் தரையில் ஊன்றிச் சுடும் பெல்ஜியத்தின் மினிமி, வெறுமையாகவே ஏறக்குறைய 7 கிலோ. அதே 5.56 மி.மீ. தோட்டாவைச் சுடும் சிங்கப்பூரின் அல்டிமேக்ஸ் 100, 5 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. கணக்குப்படி அது இன்னும் மோசமாக உதைக்க வேண்டும். ஆனால் தோள்கட்டையைக் கழற்றிவிட்டு, கையில் பிடித்தபடியே தொடர்ச்சியாகச் சுட்டுக் காட்டுவது அந்தத் துப்பாக்கியின் விற்பனைக் காட்சியாகவே இருந்தது.

இது எப்படி முடிந்தது, அதற்கு எதை விலையாகக் கொடுத்தார்கள் என்பதுதான் இந்த ஆய்வு. விற்பனைத் துண்டறிக்கைகள் முதல் கேள்விக்கு ஆர்வமாகப் பதில் சொல்லும், இரண்டாவதைத் தொடாது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது.

பின்னணி

சிங்கப்பூர் தனி நாடானது 1965இல். இரண்டே ஆண்டுகளில், 1967இல், கட்டாய தேசிய சேவைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் ஆஃப் சிங்கப்பூர் என்ற அரசு ஆயுதத் தொழிற்சாலையும் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் படைகள் சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே இருந்து விலகப்போவதாக 1968இல் அறிவிப்பு வந்ததும் அவசரம் இன்னும் கூடியது. தொழிற்சாலை முதலில் அமெரிக்காவின் கோல்ட் நிறுவனத்திடம் உரிமம் வாங்கி எம்16 துப்பாக்கியைத் தயாரித்தது. பிறர் வடிவமைத்ததைச் செய்து பழகிய பின், சொந்த வடிவமைப்பு வேண்டும் என்ற எண்ணம் வந்தது. உரிமத்தில் செய்ததை விருப்பம்போல் வெளிநாட்டுக்கு விற்க முடியாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

1978இல் இலகு இயந்திரத் துப்பாக்கித் திட்டம் தொடங்கியபோது அழைத்துவரப்பட்டவர் அமெரிக்க வடிவமைப்பாளர் ஜேம்ஸ் சல்லிவன். யூஜின் ஸ்டோனர் உருவாக்கிய பெரிய ஏஆர்-10 துப்பாக்கியைச் சிறிய தோட்டாவுக்கு ஏற்றபடி சுருக்கி ஏஆர்-15 ஆக்கியதில், அதாவது பிற்கால எம்16 ஆக்கியதில், பங்கெடுத்த இருவரில் ஒருவர். சிங்கப்பூர் எம்16 செய்துகொண்டிருந்தது. அதை வரைந்தவரே வந்து அடுத்ததை வரைந்தார்.

1982 வாக்கில் அல்டிமேக்ஸ் படைக்கு வந்தது. பெயரிலுள்ள 100, அதன் டிரம் மேகஸின் என்ற வட்டமான தோட்டாப் பெட்டியில் கொள்ளும் தோட்டாக்களின் எண்ணிக்கை. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, தேசிய சேவையும் இன வேறுபாடின்றி எல்லா ஆண்களுக்கும் உண்டு. ஆகவே இந்தத் துப்பாக்கியைச் சுமந்து காட்டுக்குள் நடந்த தமிழ்ப் பையன்கள் நிறையப் பேர். அவர்கள் வாயில் இதன் பெயர் ‘ஸா’.

தோளில் உண்மையில் விழுவது எவ்வளவு?

குத்துமதிப்பாக ஒரு கணக்குப் போடலாம். அந்தக் காலத்து 5.56 தோட்டாவின் குண்டு சுமார் 3.6 கிராம். குழலை விட்டு வெளியேறும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 970 மீட்டர். பெருக்கினால் உந்தம் 3.5 நியூட்டன்-நொடி. குண்டோடு வெளியேறும் வெடிவாயுவுக்கும் எடையும் வேகமும் உண்டு. அதற்கு இன்னொரு 2.1 சேர்த்தால் மொத்தம் 5.6 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குண்டுக்கும் இந்த 5.6ஐத் துப்பாக்கி திருப்பி வாங்கியே ஆக வேண்டும். குழல் முனையில் துளைகள் போட்டு வாயுவைப் பக்கவாட்டிலோ பின்னாலோ திருப்பிவிட்டால், அந்த வாயுவின் பங்கில் கொஞ்சம் குறையும். பக்கத்தில் படுத்திருப்பவன் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். மற்றபடி இந்த எண்ணில் எந்த வடிவமைப்பாளரும் கை வைக்க முடியாது.

இப்போது நிமிடத்துக்கு 540 குண்டு வீதம் சுடுவதாக வைப்போம். நொடிக்கு 9. ஒன்பதை 5.6 ஆல் பெருக்கினால் சராசரி விசை 50 நியூட்டன். ஐந்து கிலோ எடையைத் தோளோடு அழுத்திப் பிடிப்பது போன்றது. அவ்வளவுதான்! தொடர்ந்து சுடும் துப்பாக்கியின் சராசரி உதை ஐந்து கிலோதான் என்றால் சிரமம் எங்கிருந்து வருகிறது?

சிரமம் சராசரியில் இல்லை, உச்சத்தில் இருக்கிறது. வழக்கமான தானியங்கித் துப்பாக்கிக்குள் நடப்பது இது. குண்டு வெடித்ததும் குழலிலிருந்து கொஞ்சம் வாயுவை எடுத்து, அதைக் கொண்டு போல்ட் கேரியர் என்ற கனமான உலோகப் பாகத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். அது காலித் தோட்டாக் கூட்டை இழுத்து வெளியே எறிந்து, ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டே பின்னால் ஓடி, உடற்கூட்டின் பின்சுவரில் மோதி நிற்கிறது. பிறகு ஸ்பிரிங் அதை முன்னுக்குத் தள்ள, அடுத்த தோட்டாவை அறைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்தப் பின்சுவர் மோதல்தான் வில்லன். 600 கிராம் கேரியர் நொடிக்கு 2 மீட்டர் வேகம் மிச்சமிருக்கும்போது சுவரில் மோதி ஒரு மில்லி நொடியில் நின்றால், அந்தக் கணத்தில் விசை 1,200 நியூட்டன், அதாவது 120 கிலோவைத் தொடும். முழுதும் தோளுக்கு வந்து சேராது, துப்பாக்கியின் உடல் வாங்கி மழுக்கித்தான் தரும். ஆனாலும் குழல் முனை குறியை விட்டு நகர அது தாராளம்.

மனித உடம்பின் குறை இதோடு சேர்கிறது. ஒரு தள்ளல் வந்ததை உணர்ந்து, தசையை இறுக்கிப் பதில் கொடுக்க நமக்கு ஏறத்தாழ 0.15 முதல் 0.2 நொடி ஆகும். குண்டுகளோ 0.11 நொடிக்கு ஒன்று. ஒரு அடிக்குப் பதில் கொடுக்கத் தயாராகும்போது அடுத்த அடி விழுந்து முடிந்திருக்கும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் இந்தத் தாளத்தைத் துரத்திப் பிடிக்க முடியாது. ஆனால் மாறாமல் ஒரே சீராக ஐந்து கிலோ தள்ளினால்? உடம்பைச் சற்று முன்சாய்த்தால் போதும். பதினெட்டு வயதுப் பையனுக்கு இதைச் சொல்லித்தரப் பெரிய பயிற்சி தேவையில்லை.

சல்லிவன் செய்தது

பின்சுவரைத் தள்ளி வைத்தார். ஒரு வரியில் சொன்னால் அவ்வளவுதான். உடற்கூட்டை நீளமாக்கி, நீளமான மென்மையான ஸ்பிரிங்கை ஏற்கெனவே அழுத்திய நிலையில் வைத்து, கேரியர் பின்சுவரைத் தொடும் முன்பே ஸ்பிரிங்கின் தள்ளலால் மட்டுமே நின்று திரும்பும்படி செய்தார். கேரியர் எங்கும் மோதாமல் போய் வருவதால், ஓடும் நேரம் முழுவதும் உடற்கூட்டின் மேல் விழுவது ஸ்பிரிங்கின் விசை மட்டும். நீளமான ஸ்பிரிங்கை ஏற்கெனவே நன்றாக அழுத்தி வைத்திருந்தால், இன்னும் சில அங்குலம் அழுத்தும்போது அதன் விசை அதிகம் மாறாது. இதற்குத்தான் மாறாப் பின்னுதைப்பு என்று பெயர் வந்தது.

கிரிக்கெட்டில் வேகமாக வரும் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வதைப் பள்ளிப் பாடத்தில் கணத்தாக்குக்கு உதாரணமாகப் படித்திருப்போம். கேரியரைப் பிடிப்பதிலும் அதே வேலைதான் நடக்கிறது. ஆனால் அந்த உதாரணம் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. மிச்சப் பாதி சுவாரசியமானது.

கேரியர் பின்னால் மோதவில்லை, சரி. அப்புறம் வெடிப்பு நேரடியாகக் குழலில் கொடுக்கும் உதை என்னவாகிறது? அது ஸ்பிரிங் வழியாக வருவதில்லை. சில மில்லி நொடியில் முழுதும் உடற்கூட்டில் விழுகிறது. இதை ரத்து செய்ய இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, ஸ்பிரிங்கால் முன்னுக்குத் தள்ளப்பட்டு வேகமாக வரும் கேரியர் முன்முனையில் வந்து நிற்கும்போது துப்பாக்கியை முன்னுக்குத் தள்ளுகிறது. இரண்டு, வாயு கேரியரைப் பின்னுக்குத் தள்ளும்போது அதன் எதிர்வினை வாயு உருளையின் முன்சுவரில் விழுந்து, மறுபடி துப்பாக்கியை முன்னுக்கே தள்ளுகிறது. கேரியரின் உந்தம் 2.8 என்று வைத்துக்கொண்டால் இரண்டு முறைக்கும் சேர்த்து 5.6. வெடிப்பின் உதையும் 5.6. மூன்றும் ஏறத்தாழ ஒரே கணத்தில் நடப்பதால் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. மிஞ்சுவது ஸ்பிரிங்கின் சீரான தள்ளல் மட்டும்.

இது இலட்சிய நிலைக் கணக்கு. உண்மைத் துப்பாக்கியில் இவ்வளவு சுத்தமாகக் கழிந்துபோகாது. ஆனால் வடிவமைப்பாளர் எந்த எண்ணை நோக்கிப் போக வேண்டும் என்பதை இது காட்டிவிடுகிறது. கேரியரின் உந்தம், ஒரு குண்டின் மொத்த உதையில் பாதியாக இருக்க வேண்டும். மிகக் குறைவானால் குழலின் உதை மிஞ்சும், கூடினால் கேரியர் பின்சுவரைத் தேடிப் போய் மோதும்.

இதே எண்களை வைத்து இன்னொரு படி போகலாம். கேரியர் 600 கிராம் என்று நானாக ஒரு எடையை எடுத்துக்கொள்கிறேன். உந்தம் 2.8 வேண்டுமென்றால் வேகம் நொடிக்கு 4.7 மீட்டர். அதை 50 நியூட்டன் சீரான விசையால் நிறுத்த ஏறக்குறைய 13 செ.மீ. ஓட்டம் தேவை. போய்த் திரும்ப 0.11 நொடி. அதாவது நிமிடத்துக்கு 540 குண்டு. அல்டிமேக்ஸின் சுடும் வேகமாக அறிவிக்கப்பட்டது நிமிடத்துக்கு 400 முதல் 600 வரை. எம்16 சாதாரணமாக 700ஐத் தாண்டும். அல்டிமேக்ஸ் மெதுவாகச் சுடுவது தனியாக எடுத்த முடிவு அல்ல, ஓட்டத்தை நீளமாக்கியதன் உடன்விளைவு. மெதுவாகச் சுட விரும்பியதால் உதை குறைந்தது என்று பலரும் காரண காரியத்தைத் தலைகீழாக எழுதுகிறார்கள்.

பழைய யோசனைதான்

உதையைக் காலத்திலும் தூரத்திலும் பரப்புவது சல்லிவன் கண்டுபிடித்த யோசனை இல்லை. 1897 மாதிரி பிரெஞ்சு 75 மி.மீ. பீரங்கி இதையே பெரிய அளவில் செய்தது. அதற்கு முன் பீரங்கி ஒவ்வொரு முறை வெடித்ததும் வண்டியோடு பின்னால் உருண்டு போகும். தள்ளிக்கொண்டு வந்து மறுபடி குறி பார்க்க வேண்டும். 75இல் குழல் மட்டும் ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் சரிந்து, எண்ணெயும் அழுத்தப்பட்ட காற்றும் அதை நிறுத்தித் திருப்பி அனுப்பின. வண்டி அசையவில்லை. நிமிடத்துக்கு 15 குண்டு சுடுவது சாதாரணமாயிற்று. அந்த ஏற்பாட்டை எதிரி தெரிந்துகொள்ளாதிருக்கப் பிரான்ஸ் பட்டபாடு தனிக் கதை. அந்நேரத்தில்தான் ஜெர்மனி குழல் சரியாத 77 மி.மீ. பீரங்கியை 1896இல் ஏற்றுக்கொண்டு, சில ஆண்டுகளில் எல்லாவற்றையும் திருத்தி அமைக்க வேண்டி வந்தது.

கையில் ஏந்திச் சுடும் துப்பாக்கியில் இடம் இல்லாததுதான் சிக்கல். பீரங்கிக்குக் கிடைத்த ஒரு மீட்டர் இங்கே கிடையாது. அதனால் பலர் வேறு வழியில் போனார்கள். ஜெர்மனியின் ஜி11 திட்டமும் ரஷ்யாவின் ஏஎன்-94உம் உதையைத் தள்ளிப்போட்டன. உட்பகுதி முழுதும் கூட்டுக்குள் பின்னால் சரிந்துகொண்டிருக்கும்போதே, ஜி11 மூன்று குண்டுகளையும் ஏஎன்-94 இரண்டையும் சுட்டு முடித்துவிடும், சுடுபவர் தோள் அதற்குப் பிறகுதான் உதையை அறியும். ஏஎன்-94 அந்த இரண்டை நிமிடத்துக்கு 1,800 என்ற வேகத்தில் அனுப்பும். சாமர்த்தியமான ஏற்பாடுகள், ஆனால் உள்ளே கடிகாரக் கடை. ரஷ்யாவின் ஏஈகே-971, கேரியருக்கு எதிர்த்திசையில் ஓடும் ஒரு எடையை வைத்து மோதலைச் சமன் செய்தது. இவற்றோடு ஒப்பிட்டால் அல்டிமேக்ஸுக்குள் கூடுதல் பாகம் எதுவும் இல்லை. நீளம்தான் கூடுதல். எனக்கு இதில் பிடித்தது அதுதான்.

கொடுத்த விலை

முதல் விலை, வாயுவின் அளவில் வேண்டிய நிதானம். கேரியரின் உந்தம் ஒரு குறுகிய எல்லைக்குள் நின்றால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்யும். இந்த வகைச் சிக்கல் சல்லிவனுக்குப் புதிதாக இருந்திருக்காது. வியட்நாம் போர்க்காலத்தில் எம்16க்கு வேறு வகை வெடிமருந்து கொடுக்கப்பட்டபோது சுடும் வேகம் எகிறி, துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டன. பின்னால் இருக்கும் தடுப்புப் பாகத்தைக் கனமாக்கிச் சமாளிக்க வேண்டியிருந்தது. அல்டிமேக்ஸில் வாயுவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகி இருக்கிறது. சேறும் கரியும் படிந்தால் வாயுவைக் கூட்டலாம். ஆனால் தேவைக்கு மேல் கூட்டினால் கேரியர் பின்சுவரைத் தொட ஆரம்பிக்கும். அப்போது அது வெறும் எடை குறைந்த துப்பாக்கி, எடை குறைந்த துப்பாக்கி உதைப்பது போலவே உதைக்கும்.

இரண்டாவது, தோட்டாப் பட்டை இல்லாதது. மினிமியில் 200 தோட்டாக்கள் கோத்த பட்டையை மாட்டிக்கொண்டு சுடலாம். அல்டிமேக்ஸில் 100 கொள்ளும் டிரம் அல்லது 30 கொள்ளும் மேகஸின்தான். எடையைக் குறைப்பதற்காக என்று சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் பட்டையை இழுக்கும் வேலையும் கேரியர் ஓட்டத்திலிருந்தே எடுக்கப்பட வேண்டும். பட்டை நீளமாகத் தொங்கும்போது ஒரு இழுவை, முடியப்போகும்போது இன்னொரு இழுவை. கேரியரின் வேகத்தை இவ்வளவு கவனமாகப் பார்க்கும் இயந்திரத்துக்கு அது நல்ல துணையாக இருக்காது என்பது என் கணிப்பு. விளைவு என்னவோ, களத்தில் டிரம் தீர்ந்ததும் மாற்ற வேண்டும், டிரம் பையில் இடத்தையும் அடைக்கும்.

மூன்றாவது விலை குழல். எடை குறைந்த துப்பாக்கியில் குழலும் மெல்லியதுதான், சீக்கிரம் சூடேறும். தொடக்ககால வகையில் குழலைக் களத்தில் மாற்ற முடியாது. மூன்றாம் வகையில்தான் சட்டென்று கழற்றி மாட்டும் குழல் வந்தது.

நான்காவதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. உதையை ரத்து செய்யும் அந்த மூன்று விசைக் கணக்கு, கேரியர் பின்னாலிருந்து வேகமாக வந்து சேர்வதை நம்பியிருக்கிறது. அதனால் சுடும் முன் கேரியர் பின்னாலேயே நின்றிருக்கும். டிரிகரை இழுத்ததும் அது முன்னுக்குப் பாய்ந்து தோட்டாவை ஏற்றி வெடிக்கச் செய்யும். தொடர்ந்து சுடும்போது இது வரம். முதல் குண்டுக்கு மட்டும் இடைஞ்சல், ஏனென்றால் குறி பார்த்து டிரிகரை இழுத்த பிறகு, குண்டு கிளம்பும் முன், துப்பாக்கிக்குள் ஒரு கனமான பாகம் ஓடி வந்து நிற்கிறது. ஒற்றைக் குண்டாகத் துல்லியமாகச் சுட விரும்புபவருக்கு இது பிடிக்காது.

இந்த நான்காவது விலை சிங்கப்பூருக்கு வெளியே முக்கியமாயிற்று. அமெரிக்க மரீன் படை 2000களின் பிற்பகுதியில் மினிமிக்குப் பதிலாக எடை குறைந்த தானியங்கி ரைஃபிள் ஒன்றைத் தேடியபோது அல்டிமேக்ஸின் புதிய வகையும் போட்டிக்குப் போனது. இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. கடைசியில் தேர்வானது ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் செய்த எம்27. கேரியர் முன்னால் மூடியபடியே சுடத் தொடங்கும் சாதாரண ரைஃபிள் அமைப்பு, 30 தோட்டா மேகஸின். தொடர்ந்து சுடும்போது உதை எவ்வளவு சீராக இருக்கிறது என்பதைவிட முதல் குண்டு எங்கே போகிறது என்பதற்கு மரீன்கள் அதிக மதிப்பெண் கொடுத்தார்கள் என்றே நான் வாசிக்கிறேன். அவர்கள் கேட்ட கேள்விக்கு அது சரியான விடைதான். சிங்கப்பூர் 1978இல் கேட்ட கேள்வி வேறு.

சிங்கப்பூர் கேட்டது இதுதான்: இரண்டு ஆண்டு சேவைக்கு வந்து போகிற, தொழில்முறைச் சிப்பாய் அல்லாத, நடுத்தர உடல்வாகு கொண்ட இளைஞன், அடர்ந்த காட்டில் தானே சுமந்து நடந்து, தனியாக இயக்கக்கூடிய இயந்திரத் துப்பாக்கி எது? அதற்கு எடையும் கட்டுப்பாடும்தான் முதல் இரண்டு தேவைகள். பட்டை வேண்டாம், அதிவேகம் வேண்டாம் என்று விட்டுக்கொடுக்க முடிந்தது அதனால்தான். பிலிப்பைன்ஸ் மரீன்கள், 1990களின் போரில் குரோவேஷியா என்று வெளிநாட்டிலும் சிலர் வாங்கினார்கள். ஆனால் மினிமி உலகெங்கும் பரவியது போல இது பரவவில்லை.

எம்16க்குத் திரும்பியது

சல்லிவன் பல பத்தாண்டுகள் கழித்து ஷூர்ஃபயர் நிறுவனத்தோடு சேர்ந்து எம்16 குடும்பத் துப்பாக்கிகளுக்கென்று ஒரு மாற்றுக் கேரியர் அமைப்பை உருவாக்கினார். எம்16இல் கேரியர் தோள்கட்டைக்குள் இருக்கும் ஒரு குழாய்க்குள் பின்னோக்கி ஓடும். அந்தக் குழாயின் நீளம் லட்சக்கணக்கான துப்பாக்கிகளில் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, அதை நீட்ட வழியில்லை. ஆகவே குழாய்க்குள் இருக்கும் மற்றப் பாகங்களைச் சுருக்கி, கேரியருக்குக் கூடுதல் ஓட்டம் கொடுத்தார். சுடும் வேகம் குறைந்தது, மோதல் மென்மையானது. சிங்கப்பூரில் வெற்றுத்தாளில் வரைந்தபோது நீளம் அவர் கையில் இருந்தது. இங்கே, தானே வரைய உதவிய பழைய துப்பாக்கிக்குள், எங்காவது ஒரு சென்டிமீட்டர் கிடைக்குமா என்று தேட வேண்டியிருந்தது.